இருகலர் மிஷினில் எந்த மை முதலில்? ஆல்பத்தில் நீலம், ஓட்டத்தில் கத்தரிப்பூ

இருகலர்_சிவகாசி

ஆடிப்பெருக்குக்குப் போட்ட காலண்டர் சாம்பிள் ஆல்பத்தில் பள்ளிகொண்ட பெருமாள் படம் ஒன்று உண்டு. ஆல்பத்துத் தாள்களை வெளியே ஒரு நாலுகலர் மிஷினில் ஜாப் ஒர்க்காக அடித்து வாங்கினோம். அதைப் பார்த்து ஒரு ஜவுளிக்கடைக்காரர் ஆர்டர் கொடுத்திருக்கிறார். அந்த ஆர்டரின் ஓட்டம் எங்கள் சொந்த இருகலர் மிஷினில், ஒரு தடவைக்கு இரண்டு மைதான் விழும்.

அதே ஃபைல், அதே கம்பெனி மை, அதே 130 ஜிஎஸ்எம் ஆர்ட் பேப்பர், பிளேட் போட்டதும் அதே கடையில்தான். கலர் பாரில் (தாளோரத்து மைக் கட்டங்களில்) நாலு மையையும் தனித்தனியாக அளந்தால் டென்சிட்டி, அதாவது மையின் அடர்த்தி, ஆல்பத்துத் தாளோடு ஒத்துப் போகிறது. ஆனால் பெருமாள் மேனி மட்டும் கத்தரிப்பூ நிறத்துக்குப் போய்விட்டது. பார்ட்டி ஆல்பத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது எங்க பெருமாள் இல்லையே" என்கிறார்.

எங்கள் வழக்கம், முதல் ஓட்டத்தில் மெஜந்தாவும் (சிவப்பு மை) மஞ்சளும். மறுநாள் காய்ந்த பிறகு சயானும் (நீல மை) கருப்பும். முகம் எப்படி வருகிறது என்று முதல் ஓட்டத்திலேயே தெரிந்துவிடும் என்பது மிஷின்மேனின் கணக்கு. ஆல்பம் அடித்த இடத்தில் கருப்பு, சயான், மெஜந்தா, மஞ்சள் என்ற வரிசை. வரிசை மாறியதால் மட்டும் இவ்வளவு வித்தியாசம் வருமா? கொஞ்சம் ரீம் முழுதாக முடிந்தது, கொஞ்சம் மெஜந்தா மஞ்சளோடு நிற்கிறது, மீதி வெள்ளைத் தாளாகவே இருக்கிறது. மிஷினை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

தண்ணி_பேலன்ஸ்

முதலில் தண்ணீரைப் பாருங்கள் தம்பி. பிஎச் 4.8-லிருந்து 5.5-க்குள் நிற்கிறதா? தண்ணீர் அதிகமானால் மை அதைக் குடித்துவிட்டுப் பிடிமானம் இல்லாமல் போகும். ஒரு கலர் மேல் இன்னொன்று உட்காராது. சிவகாசி வெயிலுக்கு ரோலர் சூடேறி மை இளகுவதும் சேர்ந்துகொள்ளும். வரிசை, வரிசை என்று பேசுவதெல்லாம் மிஷின் சுத்தமாக இருந்தால்தான்.

பிரீபிரஸ்_கோவை

தண்ணீரைப் பார்ப்பதில் தப்பில்லை. ஆனால் அதற்கு முன் மூன்று கேள்வி.

தாயார் கட்டியிருக்கும் சிவப்புப் பட்டு ஆல்பத்தோடு ஒத்துப் போகிறதா? துளசி மாலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது? பெருமாள் மேனியில் வெளிச்சம் விழும் இடத்தில் மாற்றம் அதிகமா, நிழல் பக்கத்திலா?

இருகலர்_சிவகாசி

பட்டு அப்படியே இருக்கிறது, குறையே சொல்ல முடியாது. துளசி ஒரு பொட்டு மஞ்சள் பக்கம். பார்ட்டி அதைக் கவனிக்கவில்லை, நான் இப்போது நீங்கள் கேட்டதால் பார்த்தேன். மேனியில் தோள், மார்பு வெளிச்சப் பகுதியில் அவ்வளவாகத் தெரியவில்லை. கைக்குக் கீழே, தொடைக்குக் கீழே இருக்கும் நிழலில்தான் கத்தரிப்பூ. பின்னால் இருக்கும் கல் தூணும் லேசாகச் சிவந்திருக்கிறது.

பிரீபிரஸ்_கோவை

அப்படியானால் இது தண்ணீர் இல்லை. வரிசைதான். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாலுகலர் மிஷினில் ஒரு மை காய்வதற்குள் அடுத்தது மேலே விழுகிறது. காகிதத்தில் பிடிப்பதுபோல ஈர மையின் மேல் மை பிடிக்காது. பிளாங்கெட்டில் (மையைத் தாளுக்கு மாற்றும் ரப்பர் விரிப்பில்) இருக்கும் இரண்டாவது மை முழுதாக இறங்காமல் ஒரு பங்கு அங்கேயே தங்கிவிடும். அதனால் ஈரத்தின் மேல் ஈரமாக அடிக்கும்போது இரண்டும் கலந்த நிறம் எப்போதும் முதலில் விழுந்த மையின் பக்கம் சாயும். ஆல்பத்துத் தாளில் சயான் முதலில் முழுதாக உட்கார்ந்தது, மெஜந்தா அதன் மேல் குறைவாக ஏறியது. அதனால்தான் மேனி நல்ல நீலம்.

உங்கள் இடத்தில் மெஜந்தா வெறும் காகிதத்தில் முழுதாக இறங்கி, இரவு முழுக்கக் காய்ந்துவிட்டது. காய்ந்த மை ஏறக்குறைய காகிதம் மாதிரிதான், மறுநாள் சயானும் அதன் மேல் முழுதாகப் பிடித்தது. சயான் இரண்டு இடத்திலும் ஒன்றே, மெஜந்தா மட்டும் ஆல்பத்தைவிட உங்களிடம் அதிகம். மேனி கத்தரிப்பூ ஆகாமல் என்ன செய்யும்? தண்ணீர் கெட்டுப் பிடிமானம் குறைந்திருந்தால் நிறம் வெளிறிப் போயிருக்கும். உங்களிடம் நடந்தது நேர்மாறு. ஒன்றின் மேல் ஒன்று பிடிப்பது கெட்டதால் வந்த கோளாறு இல்லை அண்ணாச்சி, ஆல்பத்தைவிட நன்றாகப் பிடித்ததால் வந்தது.

பட்டு மாறாததும் இதனால்தான். ஆல்பத்திலும் மெஜந்தா மேல் மஞ்சள் ஈரமாக விழுந்தது, உங்கள் முதல் ஓட்டத்திலும் அப்படியே. துளசியில் ஆல்பத்தில் சயான் மேல் மஞ்சள் கொஞ்சம் குறைவாக ஏறியிருக்கும், உங்களிடம் மஞ்சள் முழுசு. அதனால் மஞ்சள் பக்கம். தூணின் சாம்பல் நிறம் மூன்று மையும் சேர்ந்து வருவது, அதில் மெஜந்தா கூடினால் சிவக்கும்.

வெளிச்சப் பகுதியில் புள்ளிகள் சின்னவை. பெரும்பாலும் பக்கத்தில் பக்கத்தில் விழும், ஒன்றின் மேல் ஒன்று ஏறுவது குறைவு. நிழலில்தான் மை மேல் மை. அதனால் வரிசையின் வேலையெல்லாம் அங்கேதான் தெரியும்.

மை_சப்ளை

கோவைக்காரர் சொன்னது சரி. என் பங்குக்கு ஒன்று. நாலுகலர் செட் என்று டின்னில் விற்பதில் டேக் இறங்குவரிசையில் வைத்திருப்போம். கருப்பு, சயான், மெஜந்தா, மஞ்சள் வரிசைக்கான செட் என்றால் கருப்புக்கு ஒட்டும் இழுவை அதிகம், மஞ்சளுக்குக் குறைவு. முதலில் விழுந்தது இறுக்கமாக இருந்தால்தான் அடுத்தது அதன் மேல் பிரிந்து இறங்கும். தலைகீழாகப் போட்டால் பின்னால் வருவது முன்னால் இருப்பதைப் பிய்த்துக்கொண்டு போகும்.

உங்கள் இரண்டாவது ஓட்டத்தைப் பாருங்கள். முதல் யூனிட்டில் சயான், அடுத்த யூனிட்டில் கருப்பு. அந்த செட்டில் கருப்புக்குத்தான் டேக் அதிகம். ஈர சயான் மேல் கருப்பு பெரிய சாலிடாக (புள்ளியில்லாத முழு மைப் பரப்பாக) விழும் இடத்தில் லூப் (பூதக்கண்ணாடி) வைத்துப் பாருங்கள், பொரிப்பொரியாக இருக்கும். கருப்பில் டேக் குறைக்கும் ஜெல் கொஞ்சம் சேர்க்கலாம். அளவு மீறினால் காய்வதும் பளபளப்பும் போய்விடும்.

பழைய_மிஷின்மேன்

நாங்கள் ஒத்தைக் கலர் மிஷினில் அடித்த காலத்தில் மஞ்சள், சிவப்பு, நீலம், கருப்பு. இதற்கு மேல் ஒரு வரிசையை யாரும் கேட்டதில்லை. வெளிர் நிறம் முதலில், கடைசியில் கருப்பு. மஞ்சள் டக்ட் (மைத்தொட்டி) கடைசி வரை சுத்தமாக இருக்கும், கருப்பு எழுத்து எல்லாவற்றுக்கும் மேலே கத்தி மாதிரி நிற்கும். இப்போது கருப்பைக் கொண்டுபோய் அடியில் போட்டு அதன் மேல் மூன்று கலரைப் பூசுகிறார்கள். எந்த ஊர் நியாயம்?

அச்சுப்பாடம்

அண்ணாச்சி, உங்கள் காலத்துக்கு அந்த வரிசை சரியாகவே இருந்தது. ஒத்தைக் கலரில் ஒவ்வொன்றும் காய்ந்த பிறகே அடுத்தது, அதனால் ஈரப் பிரச்சினையே இல்லை. இன்னொரு காரணமும் உண்டு. பழைய மஞ்சள் மைகளில் குரோம் மஞ்சள் இருந்தது. அது ஈயம் சேர்ந்த நிறமி, ஒளி ஊடுருவாது. அதை மேலே போட்டால் கீழே இருப்பதை மூடிவிடும். வேறு வழியில்லாமல் முதலில் போட்டார்கள். பிறகு டையரிலைடு மஞ்சள் வந்தது. அது ஒளி ஊடுருவும். அதன் பிறகு மஞ்சளைக் கடைசிக்கும் கொண்டுபோகலாம் என்றானது. காரணம் போன பிறகும் வழக்கம் பல அச்சகங்களில் தங்கிவிட்டது.

கருப்பை முதலில் போடுவதற்கு நியாயம் உண்டு. சாதாரணப் படங்களில் கருப்பு பிளேட்டில் மை குறைவு. குறைவாக மை ஏறுவது முதலில், அதிகம் ஏறுவது கடைசியில் என்றால் ஈரத்தின் மேல் ஈரம் சிக்கல் குறையும். பதிலுக்கு ஒரு விலையும் உண்டு. முதலில் விழுந்த மை அடுத்த மூன்று பிளாங்கெட்டையும் தொட்டுப் போகிறது. ஒவ்வொன்றும் கொஞ்சம் திருப்பி எடுத்துக்கொள்ளும். காகிதம் ஒரே சீராக உறிஞ்சாவிட்டால் அந்த மை திட்டுத் திட்டாக நிற்கும். வானம் மாதிரி பெரிய சயான் பகுதியில் பார்த்திருப்பீர்கள்.

மஞ்சள் டக்ட் அழுக்காகும் என்று நீங்கள் சொல்வது முழு உண்மை. அதை யாரும் மறுக்க முடியாது.

இருகலர் நண்பருக்கு: கண்ணால் பார்த்துப் பேசுவதைவிட அளந்துவிடலாம். டிராப்பிங், அதாவது முதல் மையின் மேல் இரண்டாவது எவ்வளவு ஏறியது என்ற சதவீதத்துக்கு ஃபிராங்க் பிரூசில் கொடுத்த சூத்திரம் இருக்கிறது. இரண்டும் சேர்ந்த கட்டத்தின் டென்சிட்டியிலிருந்து முதல் மையின் டென்சிட்டியைக் கழித்து, இரண்டாவது மையின் டென்சிட்டியால் வகுத்து, 100-ஆல் பெருக்குங்கள். மூன்றையும் இரண்டாவது மைக்கு உரிய ஃபில்டரில்தான் எடுக்க வேண்டும். மெஜந்தா இரண்டாவது என்றால் பச்சை ஃபில்டர், சயான் இரண்டாவது என்றால் சிவப்பு ஃபில்டர். தாள் காய்ந்த பிறகு எடுங்கள்.

இருகலர்_சிவகாசி

பக்கத்து அச்சகத்தில் டென்சிட்டோமீட்டர் வாங்கி வந்து எடுத்தேன்.

ஆல்பத்துத் தாள், பச்சை ஃபில்டர்: சயான் 0.45, மெஜந்தா 1.45, இரண்டும் சேர்ந்தது 1.50. கணக்குப் போட்டால் 72 சதவீதம்.

எங்கள் தாள், சிவப்பு ஃபில்டர்: மெஜந்தா 0.15, சயான் 1.40, இரண்டும் சேர்ந்தது 1.50. 96 சதவீதம்.

மிஷின்மேனிடம் காட்டினேன். "96 நல்ல மார்க்தானே, எதுக்கு நிறுத்தினீங்க?" என்றார்.

பிரீபிரஸ்_கோவை

அவர் கேட்டதும் நியாயம்தான். நல்ல மார்க், ஆனால் வேறு பரீட்சையில். பார்ட்டி கையெழுத்துப் போட்டது 72 தாளுக்கு. ஃபைலை நாலு மையாகப் பிரித்ததும் அந்த 72-ஐ மனதில் வைத்துத்தான். நம் ஊரில் பெரும்பாலானோர் ஆர்ட் பேப்பருக்கு எடுக்கும் ஃபோக்ரா39 புரொஃபைல் (நிறத்தை மை அளவாக மாற்றும் கணக்கு), ஐஎஸ்ஓ 12647-2 என்ற அச்சுத் தரத்தின் 2004 பதிப்பை ஒட்டியது. அந்தத் தரத்தில் இரண்டு மை சேரும் நிறங்கள் சயான், மெஜந்தா, மஞ்சள் என்ற வரிசைக்குத்தான் கொடுக்கப்பட்டிருக்கின்றன. டிஜிட்டல் புரூஃபும் (அச்சுக்கு முன் எடுக்கும் மாதிரித் தாள்) அதைத்தான் நடித்துக் காட்டும். வரிசையைக் குலைத்துவிட்டுத் தனி மைகளின் டென்சிட்டியை மட்டும் பொருத்திக்கொண்டிருந்தால் புரூஃப் கைக்கு வராது.

அதனால் எந்த வரிசை உயர்ந்தது என்று அடித்துக்கொள்வதில் எனக்கு ருசி இல்லை. ஃபைல் எந்த வரிசையை நம்புகிறதோ அதே வரிசை மிஷினில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மிஷின் வரிசைக்குத் தக்கபடி ஃபைலைத் திரும்பப் பிரிக்க வேண்டும். இரண்டில் ஒன்று.

லேபிள்_யூவி

நாங்கள் பட்டாசுப் பெட்டிக்கு மெட்டலைஸ்டு தாளில் யூவி மை அடிக்கிறோம். யூனிட்டுக்கு யூனிட் நடுவில் விளக்கு வைத்தால் ஒவ்வொரு மையும் அடுத்ததற்கு முன் இறுகிவிடும். அப்புறம் டேக் வரிசை பெரிய பேச்சே இல்லை. ஆனால் விளக்கு இருக்கும் யூனிட்டுக்கும் இல்லாத யூனிட்டுக்கும் இடையே இதே கூத்து எங்களுக்கும் உண்டு. ஒரு விளக்கு போய்விட்டால் அந்த இடத்தில் மட்டும் நிறம் மாறும், காரணம் தெரியாமல் மை டின்னைத் திட்டிக்கொண்டிருப்போம்.

அந்த மாதிரித் தாளில் வெள்ளை மை எப்போதும் முதலில். அதை மாற்ற யாருக்கும் தோன்றாது, வெள்ளை மூடும் மை என்பது கண்ணுக்கே தெரிகிறது அல்லவா.

இருகலர்_சிவகாசி

சரி, இப்போது வேலைக்கு வருகிறேன். வெள்ளைத் தாளாக இருப்பதற்கு எந்த ஜோடி? மெஜந்தா மஞ்சள் விழுந்து நிற்கும் தாள்களை என்ன செய்வது?

பிரீபிரஸ்_கோவை

வெள்ளைத் தாளுக்கு: இருகலர் மிஷினில் நாலுகலரை அப்படியே கொண்டுவர முடியாது. எந்த ஜோடியை ஈரமாக வைத்துக்கொள்வது என்று மட்டும் நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். இந்தப் படத்தில் கண் போவது பெருமாள் மேனிக்கு. அதனால் சயானும் மெஜந்தாவும் ஒரே ஓட்டத்தில், சயான் முதல் யூனிட்டில். நீலம் ஆல்பத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். பதிலுக்குப் பட்டு மாறும். காய்ந்த மெஜந்தா மேல் மஞ்சள் முழுதாக ஏறி, சிவப்பு கொஞ்சம் ஆரஞ்சு பக்கம் போகும். துளசியில் இப்போது இருக்கும் மஞ்சள் சாய்வு அப்படியே இருக்கும். இரண்டுக்கும் மருந்து ஒன்றே, மஞ்சள் டென்சிட்டியைக் கொஞ்சம் இறக்குங்கள். மெஜந்தாவையோ சயானையோ கையால் மாற்றினால் படம் முழுக்க ஆடும், மஞ்சளில் சிறிய மாற்றம் கண்ணுக்கு அவ்வளவு தெரியாது.

இதில் இன்னொரு லாபம். இரண்டு ஓட்டத்துக்கு நடுவில் காகிதம் ஈரம் வாங்கி நீளும், ரிஜிஸ்டர் (மைகள் ஒன்றோடொன்று பொருந்தி விழுவது) மயிரிழை நகரும். கண்ணில் உறுத்தும் சயானும் மெஜந்தாவும் ஒரே ஓட்டத்தில் இருந்தால் அவை ஒன்றோடொன்று விலகாது. மஞ்சள் மயிரிழை விலகினால் யாருக்கும் தெரியாது.

காத்திருக்கும் தாள்களுக்கு: மெஜந்தாவைத் திரும்ப எடுக்க முடியாது. சயான் பிளேட் மட்டும் புதிதாகப் போடுங்கள். ஃபைலில் செலக்டிவ் கலர் என்ற கருவியில் நீலப் பகுதியை மட்டும் எடுத்து அங்கே சயானைக் கூட்டுங்கள். மேனியின் நிழலில் சயான் ஏற்கெனவே 100 சதவீதம் என்றால் இது உதவாது. 80, 85-க்குள் இருந்தால் இடம் இருக்கிறது. படம் ஒரு பொட்டு அழுத்தமாக வரும், கத்தரிப்பூ குறையும். முழுதாக முடிந்த ரீம்களுக்கு என்னிடம் வழி இல்லை.

மை_சப்ளை

காத்திருக்கும் தாளை நாள்கணக்கில் போட்டு வைக்காதீர்கள். டிரையரும் (காய வைக்கும் மருந்து) மெழுகும் அதிகமாகச் சேர்த்த மை நன்றாக இறுகிவிட்டால் மேல்பரப்பு கண்ணாடி மாதிரி ஆகிவிடும். அதன் மேல் அடுத்த மை விழுந்து வழுக்கிக்கொண்டு திட்டாக நிற்கும். இதைக் கிரிஸ்டலைஸ் ஆகிவிட்டது என்போம். நகத்தால் கீறினால் மேல் மை மட்டும் உரிந்து வரும். முதல் ஓட்டத்து மையில் டிரையரைச் சும்மா அள்ளிக் கொட்டும் பழக்கம் பல இடத்தில் இருக்கிறது, சீசன் அவசரத்தில் சொல்லவே வேண்டாம்.

பழைய_மிஷின்மேன்

இரண்டாவது ஓட்டத்தில் மஞ்சளும் கருப்பும் என்றால் மஞ்சள் முதல் யூனிட்டில் போடு. கருப்பு மேலே நிற்கட்டும். ஈரக் கருப்பு மேல் மஞ்சள் போனால் மதியத்துக்குள் மஞ்சள் டக்டில் பாசி பிடித்த மாதிரி பச்சை ஓடும்.

மை_சப்ளை

அப்படியென்றால் அண்ணாச்சி, மஞ்சளைவிட இளகிய கருப்பு வேண்டும். செட்டில் வரும் கருப்பு ஆகாது. தனியாகச் சொன்னால் போட்டுத் தருவார்கள், ஆனால் இன்றைக்குக் கேட்டு இன்றைக்குக் கிடைக்காது. கையில் இருக்கும் டின்னை வைத்து ஓட்டுவதாக இருந்தால் கருப்பு முன்னால், மஞ்சள் பின்னால். மஞ்சள் யூனிட் பிளாங்கெட்டை அடிக்கடி துடையுங்கள், டக்டில் மையைக் குறைவாகப் போட்டு அடிக்கடி புதிதாக நிரப்புங்கள்.

தண்ணி_பேலன்ஸ்

மஞ்சள் யூனிட்டில் தண்ணீரையும் குறைத்து வையுங்கள். நான் சொன்னதைக் கடைசி வரை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை, பரவாயில்லை.

இருகலர்_சிவகாசி

அண்ணே, தண்ணீர் பார்த்தேன், பிஎச் 5.2. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

புதிய சயான் பிளேட்டில் மேனியின் நிழல் 82-லிருந்து 92-க்குப் போனது. காத்திருந்த தாள்களை அதில் ஓட்டினோம். ஆல்பம் மாதிரி இல்லை, ஆனால் கத்தரிப்பூ என்று யாரும் சொல்ல முடியாது. மழைமேக நிறம் என்று எங்கள் பைண்டிங் அக்கா சொன்னார், அந்த வார்த்தையையே பார்ட்டியிடமும் சொல்லிவிட்டேன்.

வெள்ளைத் தாளில் சயான், மெஜந்தா முதல் ஓட்டம். மறுநாள் கருப்பு, மஞ்சள். நீலம் அச்சு அசலாக வந்தது. பட்டு சொன்னபடியே ஆரஞ்சு பக்கம் சாய்ந்தது. மஞ்சளை 1.05-லிருந்து 0.95-க்கு இறக்கியதும் பட்டும் துளசியும் சேர்ந்து பின்வாங்கின. தாயார் முகம் முன்பைவிட நன்றாக இருக்கிறது என்று மிஷின்மேனே ஒப்புக்கொண்டார். பச்சை ஓடுவது நிஜம், பழைய அண்ணாச்சி சொன்னது வார்த்தைக்கு வார்த்தை நடந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் மஞ்சள் யூனிட்டைக் கழுவிவிட்டு ஓட்டுகிறோம்.

பார்ட்டி புதுத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டார். முழுதாக முடிந்துபோன ரீம்களை அடுத்த ஜாப்களுக்கு மேக்ரெடி தாளாக (மிஷினைச் சரிசெய்யும்போது வீணாகும் தாள்) ஓட்டித் தீர்க்கப்போகிறேன்.

பிரீபிரஸ்_கோவை

நல்லது. கையெழுத்துத் தாளின் ஓரத்தில் மை வரிசையையும் எழுதி வையுங்கள். சீசன் முடிந்ததும் இந்த வரிசையிலேயே ஒரு டெஸ்ட் சார்ட் ஓட்டி எனக்கு அனுப்பினால் உங்கள் இருகலருக்கென்று தனிப் புரொஃபைல் போட்டுத் தருகிறேன். அடுத்த ஆல்பத்தை அதில் பிரித்து, உங்கள் மிஷினிலேயே அடியுங்கள்.

பழைய_மிஷின்மேன்

அந்த டெஸ்ட் சார்ட்டை மஞ்சள், சிவப்பு, நீலம், கருப்பு வரிசையிலும் ஒருதரம் ஓட்டிப் பார் தம்பி. தாளுக்கு நான் காசு தருகிறேன்.